சேதுப் பாதையும் மக்கள் ஐயமும்

மங்கிய ஒளியிலே தொலைவில் நிற்கும் பொருளொன்றைக் கண்டு, 'இது கட்டையோ, மனிதனோ' என மயங்குதல் ஐயம் எனப்படும். வழியிற் கிடந்த பழுதையைக் கண்டு பாம்பென்றே துணிதல் திரிபு எனப்படும். இரண்டும் மெய்யறிவுக்குத் தடையாவன என்பது தருக்க நூலார் கொள்கை. சிவஞானசித்தியாரின் அளவையியலும் ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியையே உண்மைக் காட்சியாகக் கொள்ளும். எனினும், இவ்விரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. ஐயுற்றவன் அருகிற் சென்று பார்க்க விரும்புவான். அவன் கேட்பது விளக்கு. திரிபுற்றவனோ தன் துணிபிலே நிலைத்து நிற்பான். அவன் தேடுவது தடி.

இலங்கையையும் இந்தியாவையும் தரைவழியால் இணைக்கும் திட்டத்தைப் பற்றி இந்நாட்டு மக்களிடையே நிலவும் அச்சங்களை ஆராயப் புகுவார்க்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும். திட்டத்தை ஆதரிப்போர் அவ்வச்சங்கள் அனைத்தையும் திரிபெனத் தள்ளுகின்றனர். எதிர்ப்போர் அவை அனைத்தையும் மெய்யெனக் கொள்கின்றனர். இவற்றுள் எவை விடை வேண்டி நிற்கும் ஐயங்கள், எவை விடையை விரும்பாத திரிபுகள், ஐயம் எவ்வாறு திரிபாக மாறுகின்றது என்பவற்றை வரலாற்றுச் சான்றுகளோடு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திட்டம் வந்த வழி

தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இடையிலே மணற்றிட்டுகளும் சுண்ணக்கற் பாறைகளும் தொடராகக் கிடக்கின்றன. பல இடங்களிற் கடலின் ஆழம் ஓரிரு மீற்றரே. ஐரோப்பியர் இதனை ஆதாமின் பாலம் என்றனர். நம்மவர் சேது என்றனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிலே 'சேது' என்னும் சொல்லைப் பொறித்தமையும், சேதுகாவலர் என விருதுப்பெயர் பூண்டமையும் வரலாறு கற்றோர் அறிந்தவை. ஆகவே இக்கடல்வழி யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதன்று. அதன்மேல் ஒரு வீதி என்பதே புதிய எண்ணம்.

2002 ஆம் ஆண்டிலே பிரதமராயிருந்த ரணில் விக்கிரமசிங்க பாலமொன்றை அமைக்கும் கருத்தை முன்வைத்தார். 2015 திசெம்பரில் இந்திய அமைச்சர் நிதின் கட்கரி, இருபதாயிரங் கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட செலவில் இத்தகைய இணைப்பை அமைக்க ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியுதவ ஆயத்தமாயுள்ளது எனத் தம் பாராளுமன்றத்திலே கூறினார். இலங்கை அரசாங்கத் தரப்பில் அது மறுக்கப்பட்டது. பின்னர், 2023 யூலை 21 ஆம் நாள் புதுதில்லியில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட தொலைநோக்கு ஆவணத்திலே, தரைவழி இணைப்புக்கான சாத்திய ஆய்வு, மின்வடங்களின் இணைப்பு, எரிபொருட் குழாய்வழி, கப்பற் சேவைகள் ஆகியன ஒருங்கே இடம்பெற்றன. திருகோணமலை, கொழும்புத் துறைமுகங்களுக்கு இந்தியாவிலிருந்து தரைவழி அமைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது.

இத்திட்டத்துக்கு இன்னும் அகன்ற ஒரு பின்னணி உண்டு. ஐக்கிய நாடுகளின் ஆசியப் பொருளாதார ஆணைக்குழு 1959 ஆம் ஆண்டிலே ஆசிய நெடுஞ்சாலை என்னும் எண்ணத்தைத் தொடக்கிவைத்தது. நெடுங்காலத்துக்குப் பின் அதற்கான அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை 2005 யூலை 4 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் நிரலில் 43 ஆம் இலக்கப் பாதை, ஆக்ராவிலே தொடங்கித் தென்னிந்தியாவை ஊடறுத்துத் தனுஷ்கோடியை அடைந்து, கடலுக்கப்பால் தலைமன்னாரில் மீண்டும் எழுந்து, மாத்தறையில் முடிவுறுகின்றது. கண்டம் முழுவதையும் ஒரு வலையாகப் பின்னும் அப்படத்திலே, சேதுக் கடல் ஒரு சிறிய இடைவெளி மாத்திரமே. அவ்விடைவெளி நிரப்பப்பட வேண்டிய குறையா, காக்கப்பட வேண்டிய அரணா என்பதிலேதான் கருத்து வேறுபாடு தொடங்குகின்றது.

முன்னிருந்த பாதை கற்பிப்பது

இவ்விடைவெளி முன்னொரு காலத்திலே பெரும்பாலும் நிரம்பியே இருந்தது. 1914 ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வரை புகையிரதம் ஓடிற்று. அங்கிருந்து நீராவிக் கப்பல்கள் பயணிகளைத் தலைமன்னார் இறங்குதுறைக்குக் கொண்டுவந்தன. துறையிலே கொழும்புப் புகையிரதம் காத்து நின்றது. சென்னையிற் சீட்டு வாங்கியவர் அதே சீட்டோடு கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். சிதம்பரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் சென்ற சைவர்களும், புத்தகயை நோக்கிய பௌத்தர்களும், சென்னைப் பல்கலைக்கழகத்தை நாடிய மாணாக்கரும் இவ்வழியே சென்றனர். அரை நூற்றாண்டு இவ்வாறு நடந்தது. அக்காலத்தில் இலங்கை இந்தியாவோடு கலந்துவிடவில்லை. இரண்டும் ஒரே முடியின் கீழ் இருந்த காலத்திலும் வேறு வேறு அரசாங்கங்களாகவே ஆளப்பட்டன.

அக்காலத்திலும் அச்சம் இருந்தது. அன்றைய அச்சம் கொள்ளைநோயும் வாந்திபேதியும். அதற்காக இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே, மண்டபத்திலே, ஒரு தடுப்பு முகாமை நடாத்திற்று. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் அங்கே தங்கவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். அஃதாவது, பாதை திறந்திருந்தது. வாயிலிலே காவலும் இருந்தது.

1939 ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. 1948 இல் இலங்கை குடிவரவுச் சட்டத்தையும் குடியுரிமைச் சட்டத்தையும் இயற்றியது. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1950 களிலே 'கள்ளத்தோணி' என்னும் சொல் நாடெங்கும் பரவிற்று. வடகரையோரத்திலே இராணுவம் காவலுக்கு நிறுத்தப்பட்டது. மலைநாட்டிலே மூன்று தலைமுறையாக வாழ்ந்தவனும் அச்சொல்லாற் சுட்டப்பட்டான். இது திரிபுக்குத் தெளிவான உதாரணம்: கள்ளமாக வந்திறங்கியோர் சிலர் உண்மையில் இருந்தனர், அச்சிலரைக் கொண்டு ஓர் இனத்தவர் அனைவரும் அளக்கப்பட்டனர்.

1964 ஒக்ரோபர் 30 ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரின் விதி அதிலே பேசப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்க்கப்படற்கு. அவ்வாண்டு திசெம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு சென்ற புகையிரதம் ஒன்றைக் கடல் கொண்டது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடிற்று. ஒப்பந்தத்தின்படி 'தாயகம்' திரும்பியோரை ஏற்றிச் சென்றது அக்கப்பலே. பாட்டன் உட்புகுந்த அதே கடல்வழியாகப் பேரன் வெளியேற்றப்பட்டான். அவனை ஏற்ற இடங்களுள் மண்டபம் முகாமும் ஒன்று. இனப்போர் மூண்டபின் 1980 களின் முற்பகுதியிற் கப்பல் நின்றது. 1990 இன் பின் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் பாழாயிற்று. 2015 மார்ச்சு மாதத்திலேதான் புகையிரதம் மீண்டும் தலைமன்னாரை எட்டியது.

இவ்வரலாற்றினின்று ஓர் உண்மை தெற்றென விளங்கும். ஒரே கடல், ஒரே பாதை; அதன்வழியே மக்கள் வரவழைக்கப்பட்டனர், தடுக்கப்பட்டனர், திருப்பியனுப்பப்பட்டனர். யார் கடப்பது என்பதைத் தீர்மானித்தது சட்டம். அச்சட்டம் நீதியாய் இருந்ததா என்பது வேறு வினா. பாதையின்மேற் பழிபோடுவதால் அவ்வினாவுக்கு விடை கிடைக்காது.

தெற்கின் ஐயம், வடக்கின் ஐயம்

தென்னிலங்கையின் ஐயத்துக்கு நெடிய நினைவு உண்டு. சோழர் படையெடுப்பும், ஐந்தாம் மகிந்தன் 1017 ஆம் ஆண்டளவிற் சிறைப்பட்டுச் சோழநாட்டிலே மாண்டமையும் அங்கே ஒவ்வொரு மாணாக்கனும் கற்கும் பாடம். 1965 இல் தோன்றிய மக்கள் விடுதலை முன்னணி தன் தொண்டருக்குக் கற்பித்த ஐந்து விரிவுரைகளுள் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்பது. 1987 யூன் 4 ஆம் நாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொதிகளை இட்டமையும், யூலை 29 ஆம் நாள் ஒப்பந்தத்தின்பின் இந்தியப் படை வந்து 1990 மார்ச்சு வரை தங்கியமையும் அந்நினைவைப் புதுப்பித்தன. பொருளாதாரத் துறையிலும் அதே மனநிலை தொடர்ந்தது. 1998 இல் கைச்சாத்தான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதனிலும் விரிந்த பொருளாதாரப் பங்குடைமை உடன்படிக்கை 2008 இற் கைச்சாத்தாகும் தறுவாயில் எதிர்ப்பினால் நின்றது. 2016 அளவிற் பேசப்பட்ட தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கையை வைத்தியரும் கணினித்துறையினரும் எதிர்த்தனர். இந்தியாவின் மக்கட்டொகை 140 கோடிக்கு மேல். தமிழ்நாட்டின் தொகை மாத்திரம் 2011 இலேயே ஏழு கோடியைக் கடந்தது. இலங்கையின் தொகையோ இரண்டே கால் கோடியை எட்டவில்லை. இவ்வளவு பெரிய அயலவனோடு கதவைப் பொதுவாக்கிக் கொள்ளுமுன் சிறியவன் தயங்குவது இயல்பே.

வடபகுதித் தமிழர் மாத்திரம் பாலத்தை ஒருமுகமாக வரவேற்பர் எனத் தெற்கிலும் இந்தியாவிலும் பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. மொழியும் சமயமும் கல்வியும் இரு கரைகளையும் பிணித்தவை என்பதில் ஐயமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. நல்லூர் ஆறுமுக நாவலர் 1864 இற் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1983 இன் பின் உயிர் தப்ப வள்ளமேறியோர்க்குப் புகலிடம் தந்ததும் அக்கரையே. 'கள்ளத்தோணி' என்று பிறரைக் கூறக் கேட்டு வாளாவிருந்தவர்களின் பிள்ளைகள் தாமே இரவிலே தோணியேறினர். மண்டபம் முகாம் அவர்களையும் ஏற்றது. 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தோர் தொகை 58,000 க்கு மேற்பட்டது.

ஆயினும் அதே வடக்கிலே அச்சமும் உண்டு. 1987 ஒக்ரோபர் 21 ஆம், 22 ஆம் நாள்களில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலே இந்தியப் படையினராற் கொல்லப்பட்ட வைத்தியரையும் தாதியரையும் நோயாளரையும் இவ்வூர் மறக்கவில்லை. கமக்காரரின் அச்சம் வேறு. 1970 க்கும் 1977 க்கும் இடையிலே இறக்குமதித் தடையினால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. 1977 இல் இறக்குமதி திறக்கப்பட்டபோது அவ்விலை வீழ்ந்தது. அவ்விழப்பு நேர்ந்தது பாலமில்லாத காலத்திலே. பாலம் வந்து, இந்திய விளைபொருள் ஓரிரவில் மருதனார்மடம் சந்தையை அடையுமாயின் என்ன நேரும் என்று செம்மண் தோட்டக்காரன் கேட்பதைப் பேதைமை எனலாகாது.

எல்லாவற்றினும் கூரிய ஐயம் கடற்றொழிலாளருடையது. போர்க்காலத்திலே வடகடல் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. அக்காலத்தில் தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் அங்கே தொழில்செய்து பழகின. போர் முடிந்தபின் வலையும் வள்ளமும் தேடிக் கடலுக்கு மீண்டவர்கள், வாரத்தில் மூன்று நாள் அப்படகுகளின் ஒளி நிரையாக நெருங்கி வருவதையும், தம் வலைகள் அறுந்து போவதையும், கடலடித் தளம் வாரப்படுவதையும் கண்டனர். 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. படகுகளின் வரவு நிற்கவில்லை. அக்கரையிலிருந்து வருவோருட் பலர் படகுடையாரிடம் கூலிக்கு உழைக்கும் ஏழைகள். கைதாகியும் உயிரிழந்தும் போனோர் அவர்களுள்ளும் உளர். எனினும், பாலத்தின் தூண்கள் எழும் கடல் தமக்கு வாழ்வளிக்கும் கடல் என்பதை மன்னாரிலும் தீவகத்திலும் உள்ள தொழிலாளர் அறிவர். 'உள்ள எல்லையையே காக்க இயலாத அரசுகள் இன்னும் திறந்த எல்லையை எவ்வாறு காக்கும்?' என்பதே அவர்களின் வினா. இதனினும் நேர்மையான வினா இவ்விடயத்தில் எழவில்லை.

பிறநாட்டார் கண்டவை

இத்தகைய அச்சம் நமக்கு மாத்திரம் உரியதன்று. 1880 களின் தொடக்கத்திலே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடிச் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். எதிரிப்படை அவ்வழியே புகும் எனச் சேனாதிபதி வூல்ஸ்லி முதலானோர் கிளர்ந்தெழுந்தமையால் 1882 இல் வேலை நின்றது. பின்னர் 1994 மே மாதத்திற் சுரங்கம் திறக்கப்பட்டபோது, படையச்சம் போய், விசர்நாய்க்கடி நோய் பரவும் என்னும் அச்சம் பேசப்பட்டது. நடந்தது யாது? சுரங்கம் இருக்கவே, பிரித்தானிய மக்கள் 2016 இல் வாக்களித்து, 2020 சனவரி 31 ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கினர். புகையிரதம் இன்றும் ஓடுகின்றது. பாதையிணைப்பு வேறு, அரசியற் கூட்டு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தென்மார்க்கையும் சுவீடனையும் இணைத்து 2000 யூலையில் திறக்கப்பட்ட ஒரேசுண்ட் பாலமும் அவ்வாறே. அகதிகள் பெருந்தொகையாக வந்தபோது, 2016 சனவரியிற் சுவீடன் அப்பாலத்தால் வருவோரின் அடையாளப் பத்திரங்களைப் பரிசோதிக்கச் செய்தது. பாலத்தின் நுனியிலே எல்லையை மீண்டும் நாட்ட அரசால் முடிந்தது.

மறுபக்கச் சான்றையும் மறைத்தலாகாது. சவூதி அரேபியாவையும் பாரேன் தீவையும் 25 கிலோமீற்றர் நீளமான பாதை ஒன்று 1986 இல் இணைத்தது. 2011 மார்ச்சு மாதத்திலே பாரேன் மக்கள் கிளர்ந்தபோது, அந்நாட்டு அரசரின் அழைப்பின்பேரில் சவூதிப் படை அப்பாதையாலேயே வந்தது. ஆகவே பாலத்தாற் படை வரும் என்பது வெறுங்கற்பனையன்று. ஆனால் ஒன்றை உடன் நினைவுகூர வேண்டும்: 1987 இல் இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்கு வரப் பாலம் தேவைப்படவில்லை, விமானமும் கப்பலும் கொழும்பிற் கையொப்பமிடப்பட்ட ஒரு பத்திரமும் போதியனவாயின.

ஐயம் திரிபாக மாறும் வகைக்கு அமெரிக்கா தரும் உதாரணம் நன்று. 2002 இல் ரெக்சாசு மாநில ஆளுநர் பெரி, வீதியும் புகையிரதமும் குழாய்வழிகளும் ஒருங்கமைந்த பெருவழி ஒன்றை அறிவித்தார். அதன் அகலம் சில இடங்களில் 1,200 அடி வரை செல்லும். கமக்காரர் தம் நிலம் பறிபோகும் என அஞ்சினர். சுங்கம் அறவிடும் உரிமை அயல்நாட்டு நிறுவனத்துக்குப் போவதைக் கண்டித்தனர். இவை விடை வேண்டிய வினாக்கள். 2005 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாட்டுத் தலைவர்களும் பாதுகாப்புக்கும் செழிப்புக்குமான கூட்டு ஒன்றை அறிவித்தனர். அதன் அலுவல்கள் சட்டமன்ற விவாதத்துக்குப் புறத்தே அதிகாரிகளால் நடாத்தப்பட்டன. நிலத்தைப் பற்றிய வினாவும் இம்மறைவும் சேர்ந்தபோது வதந்தி பிறந்தது: மூன்று நாடுகளையும் ஒன்றாக்கும் சதி நடக்கின்றது, பொது நாணயம் ஒன்று வரவிருக்கின்றது, மெக்சிக்கோவிலிருந்து கனடா வரை மாபெரும் நெடுஞ்சாலை ஒன்று நாட்டைப் பிளக்கப் போகின்றது. அத்தகைய ஒன்றியமோ நாணயமோ வரவில்லை. கூட்டு 2009 இல் ஓய்ந்தது. ரெக்சாசுத் திட்டம் கைவிடப்பட்டு, அதற்கான சட்டமும் 2011 இல் நீக்கப்பட்டது. நிலம் இழக்க அஞ்சிய கமக்காரனின் நியாயமான வினாவும் அவ்வதந்தியோடு கலந்து நகைப்புக்குள்ளாயிற்று. திரிபு செய்யும் பெருந்தீங்கு இதுவே. அது பொய்யைப் பரப்புவதோடு அமையாது மெய்யான ஐயத்தையும் இழிவுபடுத்திவிடும்.

மறைவிலே வளரும் திரிபு

இந்நாட்டிலும் அவ்வாறு நிகழ்வதற்கான சூழல் இருக்கின்றது. யாழ்ப்பாணத்தவர் கண்முன் நடந்த ஒன்றைக் கூறலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின் வழங்கும் திட்டம் 2021 சனவரியிற் சீன நிறுவனம் ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு முடிவிற் சீனத் தரப்பு விலகிற்று. 2024 இல் அதே வேலை இந்திய நன்கொடையோடு இந்திய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளிலும் கொழும்பு, புதுதில்லி, பீக்கிங் ஆகிய மூன்று தலைநகரங்களின் விருப்பு வெறுப்புப் பேசப்பட்டது. தீவிலுள்ளோர்க்கு வேண்டியதோ மின்சாரம். 2025 ஏப்பிரில் 5 ஆம் நாள் கொழும்பிற் கைச்சாத்தான புரிந்துணர்வு உடன்படிக்கைகளுள் மின்வட இணைப்புப் பற்றியதும் பாதுகாப்பு ஒத்துழைப்புப் பற்றியதும் அடங்கின. அவற்றின் வாசகங்கள் பாராளுமன்றத்தில் வைக்கப்படாமற் கைச்சாத்தாயின என்னும் குறை உடனே எழுந்தது. இந்திய விஸ்தரிப்புவாதத்தை ஒருகாலத்திற் பாடமாகக் கற்பித்த கட்சியின் தலைவரே அப்போது சனாதிபதியாயிருந்தார். ஆட்சிக்கு வருவோர் கருத்து மாறுதல் கூடும். அம்மாற்றத்தின் காரணத்தை மக்களுக்கு எடுத்துரையாமல் விடும்போதுதான், கேட்பார் மனத்திலே 'மறைப்பதற்கு ஏதோ உண்டு' என்னும் எண்ணம் புகுகின்றது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலே இந்தியா ஏறக்குறைய நானூறு கோடி அமெரிக்க டொலர் அளவில் உதவிற்று. அந்நன்றி மறக்கற்பாலதன்று. நன்றியுடையவன் கேள்வி கேட்கலாகாது என்பது மாத்திரம் பொருந்தாது. கடன்பட்ட காலத்திலே செய்யப்படும் உடன்படிக்கையைக் கூர்ந்து வாசிப்பது விவேகிகளின் கடமை.

ஆகவே, பாலம் பற்றிய அச்சங்களை இருவகையாகப் பிரித்தல் கூடும். நாடு விழுங்கப்பட்டுவிடும், இனங்களின் விகிதம் ஓரிரவிலே மாறிவிடும், எல்லை என்பதே இல்லாதொழியும் என்பன திரிபின் பாற்பட்டவை. ஐம்பது ஆண்டுக் கப்பற்பாதையும் ஐரோப்பியச் சுரங்கமும் அவற்றை மறுக்கின்றன. செலவை யார் ஏற்பது, கடனாயின் எத்தலைமுறை இறுப்பது; மன்னார்க் கடலின் பவளப்பாறைக்கும் கடற்பசுவுக்கும் மீன் பெருக்கத்துக்கும் என்ன நேரும்; சிறு கமக்காரனுக்கு எவ்விதக் காப்பு; 2016 இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்ற இலங்கை நோய்த்தடுப்பை எவ்வாறு நடாத்தும்; பெரிய அயலவன் சினந்து வாயிலை மூடின் அவ்வழியை நம்பியிருப்போர் கதி யாது; வடகடல் இழுவைமடிப் பிணக்குத் தீர்ந்த பின்னரா, தீருமுன்னரா வேலை தொடங்கும் என்பன ஐயங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஆய்வறிக்கையால் விடை கூறலாம். அவ்வறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகிக் கிராம மட்டத்தில் வாசிக்கப்படல் வேண்டும். பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படல் வேண்டும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள கடற்றொழிற் சங்கங்களின் கூற்று எழுத்திலே பெறப்படல் வேண்டும். விடை வந்தபின் மக்கள் வேண்டாமென்பராயின் அதுவும் ஒரு முடிவே.

இதுவரை ஒரு தூணும் நாட்டப்படவில்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்ரோபரில் தொடங்கிச் சில நாளில் நின்ற கப்பற் சேவை, 2024 ஆகத்தில் மீண்டும் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். பயணிகள் கடவுச்சீட்டோடு நிரையில் நிற்கின்றனர். சுங்கத்தார் பொதிகளைத் திறந்து பார்க்கின்றனர். நாடு விழுங்கப்படவில்லை. அதே காலத்திலே, 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டு முகாமிலே நெடுங்காலம் வாழ்ந்து முறைப்படி நாடு திரும்பிய முதிய அகதி ஒருவர், முன்னொருகால் கடவுச்சீட்டின்றி நாட்டைவிட்டுச் சென்றார் என்னும் காரணத்தாற் பலாலி விமான நிலையத்திற் கைதுசெய்யப்பட்டார். உயிருக்கஞ்சித் தோணியேறியவரைச் சட்டம் அத்தனை ஆண்டுகள் காத்திருந்து பிடித்தது. பாலம் பற்றிப் பேசுவோர் இந்நிகழ்ச்சியைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. கடல் குறுகினாலும் விரிந்தாலும், கரையேறுபவனை வரவேற்பதும் வருத்துவதும் கரையிலுள்ளார் இயற்றும் சட்டமே. அச்சட்டத்தைப் பற்றிய ஐயத்தை முதலிலே தீர்த்துக்கொள்ளும் நாடு, பாலத்தைப் பற்றிய முடிவையும் அச்சமின்றி எடுக்கும்.